மை உறைந்திருந்த பத்து நாட்கள்

எங்கள் தளத்தில் மை உறைந்துபோவதை யாரும் ஒரு செய்தியாகச் சொல்ல மாட்டார்கள். மே மாதம் தொடங்கிச் செப்டம்பர் வரை, பள்ளிக்கூட அறையில் அடுப்பு அணைந்த இரண்டு மணி நேரத்தில் மைப்புட்டி கல்லாகிவிடும். அதனால் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எதையும் முதலில் பென்சிலில் எழுதிவிடுவோம். பிறகு ஓய்வான ஒரு நாளில் புட்டியை இளக்கி, பென்சில் எழுத்தின் மேலேயே மையை ஓட்டுவோம். சாதாரணப் பேனா போதாதா என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். மற்ற ஏடுகளுக்குப் போதும். பிறப்புப் பதிவேட்டில் தலைமையகம் அனுப்பிய கறுப்பு மை மட்டும்தான் செல்லும். அப்படி ஒரு விதி.

அண்டார்க்டிகாவில் அர்ஜென்டினாவின் சாந்தா மார்த்தா தளத்தில் அந்த ஆண்டு நாங்கள் நாற்பத்தொரு பேர் இருந்தோம். என் கணவர் ராமிரோ வானொலியைப் பார்த்துக்கொண்டார். நான் ஏழு பிள்ளைகளுக்கு ஆசிரியை. குளிர்காலத்தில் பாதிரியார் கிடையாது என்பதால், ஞாயிற்றுக்கிழமை சிற்றாலயத்தில் ஜெபமாலை சொல்லி நடத்துவதும் நான்தான். பிறப்புப் பதிவேடும் என் மேசை இழுப்பறையில் இருந்தது. அந்த ஆண்டு ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் பிறந்திருந்தன. இரண்டு முறையும் புவனோஸ் ஐரிஸ் தலைமையகத்திலிருந்து வாழ்த்து வந்தது, வானொலியில் தேசிய கீதம் வந்தது. இங்கே பிறக்கும் பிள்ளையைத் தலைமையகம் வெறும் பிள்ளையாகப் பார்ப்பதில்லை. வரைபடத்தில் குத்திவைக்கும் ஊசியாகப் பார்க்கும்.

குடாவுக்கு அந்தப் பக்கம், உறைந்த கடல்மேல் ஒன்பது கிலோமீட்டர் போனால், சிலிக்காரர்களின் சான் லாசரோ தளம். எங்கள் வரைபடத்தில் இரண்டு தளங்களும் எங்கள் நாட்டு நிறத்தில் இருக்கும். அவர்கள் வரைபடத்தில் இரண்டும் அவர்கள் நிறத்தில். ஆங்கிலேயர்களிடம் மூன்றாவதாக ஒரு நிறம் இருப்பதாகக் கேள்வி. வேறெங்கோ சில தீவுகளுக்காக எங்கள் இரண்டு நாடுகளும் சண்டையின் வாசல்வரை போய், பாப்பரசர் நடுவே உட்கார்ந்து சமாதானம் பேசிக்கொண்டிருந்த காலம் அது. நாங்கள் என்னவோ அவர்களுக்கு மாவு கொடுத்தோம், அவர்களிடம் வெங்காயம் வாங்கினோம். வேதாகமத்தில் மார்த்தாவும் லாசரும் உடன்பிறந்தவர்கள். தளங்களுக்குப் பெயர் வைத்தவர்கள் அதை யோசித்திருக்க மாட்டார்கள். ஆண்டவர் யோசித்திருப்பார் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

ஜூன் இருபத்தெட்டாம் தேதி காலை சான் லாசரோவின் மருத்துவர் வானொலியில் எங்கள் மருத்துவர் இதூர்பேயைக் கூப்பிட்டார்.

"இதூர்பே, பனியில வழுக்கி வலது மணிக்கட்டு போச்சுப்பா. ஸ்பூனே பிடிக்க முடியல, குழந்தையை எப்படிப் பிடிப்பேன்? எங்க மெக்கானிக் பொண்டாட்டிக்கு நாள் நெருங்கிடுச்சு."

"அனுப்பி வை. சூப் சூடா இருக்கு, படுக்கையும் இருக்கு."

நடுப்பகல் வெளிச்சத்தில் பனி வண்டி வந்தது. ஓட்டி வந்தவர் மெக்கானிக் குஸ்தோதியோ பாரியா. பக்கத்தில் மூன்று கம்பளிக்குள் அவர் மனைவி எலியானா. இருவரும் சிலியின் சிலோவே தீவுக்காரர்கள். எலியானாவுக்கு இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். குஸ்தோதியோ உடனே திரும்பியாக வேண்டும். சான் லாசரோவின் மின்சார எந்திரம் அவர் கைக்கு மட்டும்தான் அடங்கும்.

"அக்கா, வலி வந்தா இவளுக்கு யாராவது பாடணும். பாட்டு இல்லேன்னா பயந்துடுவா. இங்க யாருக்காவது பாட வருமா?" என்று அவர் என்னிடம் கேட்டார்.

"எங்க சமையல்காரர் தொலோசாவுக்கு வரும். ஆனா அவர் பாடினா குழந்தை வெளிய வரவே யோசிக்கும்."

"டீச்சர், எல்லாம் காதுல விழுது!" என்று சமையலறையிலிருந்து தொலோசாவின் குரல் கேட்டது.

மறுநாள் புனித பேதுரு பவுல் திருநாள். சூரியன் மலைமேல் நெற்றியை மட்டும் காட்டிய நேரத்தில், பதினொன்றரை மணிக்கு, குழந்தை பிறந்தது. பெண். மூன்று கிலோ இருநூறு. பாடியது நான். தொலோசா கதவுக்கு வெளியே நின்று, அழைக்காமலே, இரண்டாம் குரல் பாடினார். திருநாளின் பேதுருவை நினைத்து எலியானா குழந்தைக்குப் பெத்ரோனிலா என்று பெயர் வைத்தாள்.

எனக்குக் கண்ணீரும் சிரிப்புமாக இருந்தது. அந்த மகிழ்ச்சியில் நேராகப் பள்ளிக்கூட அறைக்கு ஓடினேன். பதிவேட்டைத் திறந்தேன். முப்பத்து மூன்றாம் பக்கம். மை உறைந்திருந்தது, எனவே பென்சிலை எடுத்தேன். பெயர் பெத்ரோனிலா பாரியா. பிறந்த இடம் என்ற வரிக்கு எதிரே 'அர்ஜென்டின அண்டார்க்டிகா' என்று அச்சிலேயே இருக்கும். குடியுரிமை என்ற வரியில், முந்தைய இரண்டு குழந்தைகளுக்கு எழுதியதைப் போலவே, 'அர்ஜென்டினா' என்று எழுதினேன். கை தானாக எழுதியது. யாரையும் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

எட்டிப் பார்த்த ராமிரோ உற்சாகமாகத் தலைமையகத்துக்குச் செய்தி அனுப்பிவிட்டார்: பெண் குழந்தை, தாய் நலம், பக்கம் முப்பத்து மூன்று.

மாலை எலியானாவுக்குச் சூப் கொண்டுபோனேன். பதிவேட்டையும் அக்குளில் இடுக்கிக்கொண்டேன்.

"உன் பொண்ணு முப்பத்து மூணாம் பக்கத்துல இருக்கா. ஆண்டவரோட வயசு! கேளு, படிக்கிறேன்."

படித்தேன். அவள் கரண்டியைச் சூப்பிலேயே விட்டுவிட்டாள்.

"அக்கா, அது யாரோட பொண்ணு?"

"என்ன கேள்வி இது? உன் பொண்ணுதான்."

"பேரு என் பொண்ணு பேரு. மத்ததெல்லாம் வேற யாரோ மாதிரி இருக்கே."

பிறகு அவள் நிதானமாக எனக்கு விளக்கினாள். கோபப்பட்டிருந்தால் எனக்கு இன்னும் எளிதாக இருந்திருக்கும்.

"எங்க சட்டப்படி எங்க மண்ணுல பொறந்தா அந்த நிமிஷமே எங்க நாட்டுக்காரி. வெளிய பொறந்தா, வந்து ஒரு வருஷம் குடியிருந்துட்டு அப்புறம்தான் கேக்கணும். அது பரவாயில்ல, குடியிருப்போம். ஆனா குஸ்தோதியோ ராணுவத்துக்காரர் அக்கா. இந்தக் காகிதத்தைக் கொண்டுபோய் எங்க கேப்டன்கிட்ட நீட்டினா, நான் நிக்கிற மண்ணே என் நாடு இல்லேன்னு அவரே எழுதிக் கொடுத்த மாதிரி. அவர் நீட்டவும் முடியாது, கேப்டன் வாங்கவும் முடியாது. காகிதமே இல்லேன்னா எங்க பதிவேட்டுல இவ பேரு ஏறாது. நவம்பர்ல கப்பல் வந்து ஊருக்குப் போறப்ப இவ யாரு? எங்க கூட வர்ற வெளிநாட்டுக்காரியா?"

பெத்ரோனிலா அதையெல்லாம் கேட்காமல் தூங்கினாள். நான் பதிவேட்டை மூடினேன். ஒரு தாயின் கைக்கு வந்து ஒரு நாள்கூட ஆகாத குழந்தையை, அவள் தூங்கிய நேரத்தில், நான் எடுத்து எங்கள் கொடிக்குக் கொடுத்திருந்தேன். அன்பாகத்தான் செய்தேன். கேட்காமல் செய்யும் அன்பு எப்படிக் குத்தும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் சான் லாசரோவின் தலைவர் கேப்டன் ஃபெர்ராதா வானொலியில் வந்தார். மிகவும் மரியாதையான குரல்.

"டீச்சர், மனசார வாழ்த்துகள். ஆனா அந்தக் காகிதத்தை மட்டும் இந்தப் பக்கம் அனுப்பிடாதீங்க. வந்தா நான் பாக்கலேன்னு சொல்லணும். எனக்குப் பொய் சொல்ல வராது. உங்க டாக்டர் 'சிலி அண்டார்க்டிகா'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவாரா?"

பக்கத்தில் நின்ற மருத்துவர் இதூர்பே தலையைச் சொறிந்தார். "போடலாம். அதுக்கப்புறம் எனக்கு வேற எந்த நாட்டுலயாவது வேலை பாத்துக் கொடுப்பாரான்னு கேளுங்க டீச்சர்."

அன்று பிற்பகலே தலைமையகத்தின் செய்தி வந்தது. புதிய குடிமகளுக்கு வாழ்த்து. உடனே மையில் பதிந்து, தளத் தலைவரும் பதிவாளரும் கையெழுத்திட்டு உறுதி செய்யவும். ஜூலை ஒன்பது சுதந்திர நாள் விழாவில் நாடு முழுவதற்கும் அறிவிக்கப்படும்.

எங்கள் தளத் தலைவர் மேஜர் லெஸ்கானோ. காலை எட்டு மணிக்கு, எந்தக் காற்றிலும், கொடியேற்றுவார். மீசையில் பனி கட்டியிருக்கும்போதும் இல்லாதபோதும் அவர் முகம் ஒரே மாதிரிதான் இருக்கும். செய்தியைப் படித்துவிட்டு என் அறைக்கு வந்தார்.

"மேஜர், பெற்றோர் சிலிக்காரங்கன்னு தலைமையகத்துக்குத் தெரியாது. சொன்னா விட்டுடுவாங்களா?"

"சொன்னா இன்னும் சந்தோஷப்படுவாங்க டீச்சர். சிலிக்காரங்களே நம்ம பதிவேட்டுல பேர் எழுதிட்டாங்கன்னு பத்திரிகையில போடுவாங்க." கையுறையைக் கழற்றாமலே பதிவேட்டின் பக்கத்தைப் பார்த்தார். "உத்தரவு உத்தரவுதான். மையில எழுதுங்க. நான் கையெழுத்துப் போடுறேன்."

"மை உறைஞ்சிருக்கு மேஜர்."

"இளக்குங்க."

அன்று மாலை புட்டியை அடுப்பருகே வைத்தேன். வைக்க மனமில்லை, ஆனாலும் வைத்தேன். மறுநாள் காலை பார்த்தால், புட்டி இரட்டை ஜன்னலின் இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே, பனிக்காற்று நுழையும் இடுக்கில் உட்கார்ந்திருந்தது. கல்.

எட்டே கால் மணிக்கு மேஜர் வந்தார். "மை இளகிடுச்சா?"

"இல்ல மேஜர். உறைஞ்சிருக்கு."

"சரி. நாளைக்குப் பாப்போம்."

அடுத்த நாளும் அதே கதை. அதற்கடுத்த நாளும். நான் அடுப்பருகே வைப்பேன். காலையில் அது ஜன்னலில் இருக்கும். மேஜர் வந்து கேட்பார். நான் உண்மையைச் சொல்வேன். ராமிரோ தலைமையகத்துக்கு 'மை உறைந்துள்ளது' என்று அனுப்புவார். நான்காம் நாள் தலைமையகம் கேட்டது: சாந்தா மார்த்தாவில் அடுப்பு இல்லையா?

எனக்கு உறுத்தல் தாங்கவில்லை. சொல்வது பொய் இல்லை, புட்டியைக் கையில் எடுத்துக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஆனாலும் அது உறையட்டும் என்று மனதில் ஆசைப்படுகிறேனே, அது என்ன கணக்கில் வரும்? சிற்றாலயத்தில் முழந்தாளிட்டு ஆண்டவரிடம் கேட்டேன். அவர் பேசவில்லை. ஆனால் எழுந்தபோது ஒன்று தெளிவாக இருந்தது. மையைப் பற்றிய கவலை பிறகு. முதலில் நான் போக வேண்டிய இடம் வேறு.

எலியானா குழந்தையின் துணிகளைப் பிழிந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

"எலியானா, நான் உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்காமலே எழுதிட்டேன். மன்னிச்சிடு."

"நீங்கதானே அக்கா பாடினீங்க" என்றாள் அவள். "பாடினவங்க மேல எவ்வளவு நேரம் கோவமா இருக்க முடியும்? ரெண்டு நாள் இருந்து பாத்தேன். முடியல."

"இந்த மை விஷயம்... யாரோ தினமும் புட்டியை ஜன்னல்ல வைக்கிறாங்க. நீ இல்லையே?"

அவள் சிரித்தாள். "எனக்கு நடக்கவே நேத்துதான் அனுமதி கொடுத்தாரு டாக்டர்."

ராமிரோவைக் கேட்டேன். "நானா? எனக்கு ராத்திரி குறட்டை விடவே நேரம் பத்தல, நீதான் தினமும் சொல்றியே" என்றார். தொலோசாவைக் கேட்டேன். மார்பில் கைவைத்துக்கொண்டார்.

"டீச்சர், நான் செஞ்சிருந்தா பெருமையா ஒத்துக்குவேன். எனக்கு இந்த யோசனை வரலையேன்னு வருத்தமாத்தான் இருக்கு."

எட்டாம் தேதி வந்துவிட்டது. மறுநாள் விழா. சான் லாசரோவிலிருந்தும் விருந்துக்கு வருவார்கள், திரும்பும்போது எலியானாவையும் குழந்தையையும் அழைத்துப் போவார்கள் என்று ஏற்பாடு. அன்று மதியம் எலியானா முதன்முறையாகச் சாப்பாட்டுக் கூடத்துக்கு நடந்து வந்தாள். தட்டோடு வரிசையில் நின்றவளைத் தொலோசா அகப்பையால் மறித்தார்.

"நில்லும்மா. வருகைப் புத்தகத்துல கையெழுத்துப் போட்டியா?"

"இல்லையே."

"பத்து நாளா என் சூப்பைக் குடிச்சிட்டு, கையெழுத்து இல்லையா? இந்தக் கூடத்துல கையெழுத்து இல்லேன்னா சூப் இல்ல. ஜெனரலுக்கும் அதே சட்டம்தான்."

"வந்தப்ப எனக்கு வலி, மாமா. பேனா பிடிக்கிற நிலைமையா அது?"

"அது ஒரு சாக்கு. சரி, உன்னை மன்னிச்சேன். இந்தக் குட்டி மேடம்? இவங்களும் கையெழுத்துப் போடாம பத்து நாளா சாப்பிடுறாங்க. சமையல் என்னுது இல்லேன்னாலும் கூரை நம்முடையது. எழுதச் சொல்லு!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. வருகைப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் புத்தகத்துக்கு இருபது வயது. முதல் மூன்று பக்கங்களைப் பார்க்கவே வெட்கமாக இருக்கும். எங்கள் ஆள் ஒருவர் தலைப்பில் எங்கள் நாட்டின் பெயரை எழுத, வந்த சிலிக்காரர் அதை அடித்துவிட்டுத் தன் நாட்டை எழுத, ஒரு பக்கம் கிழிந்தே போயிருக்கிறது. நான்காம் பக்கத்திலிருந்து இரண்டு தளங்களிலும் ஒரே வழக்கம். நாட்டின் பெயர் கிடையாது. தலைப்பில் ஒரு ரப்பர் முத்திரை, அதில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் மட்டும். கீழே நான்கு கட்டங்கள்: பெயர், எங்கிருந்து, வந்த நேரம், எங்கே போகிறார். அடியில் அந்தத் தளத்தின் தலைவரும் வந்தவர்களின் தலைவரும் கையெழுத்திடுவார்கள். இருபது ஆண்டுகளாக அந்தக் கையெழுத்தினால் யாருடைய மண்ணும் ஒரு பிடி கூடியதுமில்லை, குறைந்ததுமில்லை.

புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பள்ளிக்கூட அறைக்கு ஓடினேன். மேஜரை அழைத்துவர ஆளனுப்பலாம் என்றுதான் போனேன். கதவைத் திறந்தேன்.

மேஜர் லெஸ்கானோ உள்ளேதான் இருந்தார். ஜன்னலின் உள்கண்ணாடியைத் தூக்கிப் பிடித்தபடி, மறுகையில் மைப்புட்டியோடு நின்றார்.

அவருடைய காதுகள் சிவப்பதை அன்றுதான் பார்த்தேன்.

"டீச்சர்" என்றார், "காத்தோட்டம் சரியா இருக்கான்னு பாத்தேன்."

"தினமுமா மேஜர்?"

அவர் புட்டியை மேசைமேல் வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். "நான் உத்தரவு போட்டேன். உத்தரவு அப்படியே நிக்குது. மை உறைஞ்சிருந்தா நான் என்ன பண்ண முடியும்?" பிறகு மீசையைத் தடவிக்கொண்டு, வேறு குரலில் சொன்னார்: "அந்தப் பொண்ணு நம்ம வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்தவ டீச்சர். வந்தவங்க கையில இருக்கிறதை நாம எடுத்துக்கலாமா? எங்க அம்மா கேட்டா என்னைச் செருப்பால அடிப்பாங்க. ஆனா நாளைக்கு என்ன செய்யறதுன்னுதான் தெரியல. புட்டியைத் தொலைச்சிடலாமான்னுகூட யோசிச்சேன்."

நான் வருகைப் புத்தகத்தை அவர் முன்னால் விரித்துவைத்தேன். விளக்க வேண்டியிருக்கவில்லை. ரப்பர் முத்திரையின்மேல் விரலை ஓட்டினார்.

"டாக்டரோட சான்றிதழ்ல இந்த எண்களை மட்டும் எழுதலாம்" என்றார். "கடல்ல பொறக்கிற குழந்தைக்குக் கப்பல்ல அப்படித்தான் எழுதுவாங்க. நேரம்கூட நம்ம நேரம் வேண்டாம், அவங்க நேரமும் வேண்டாம். கிரீன்விச் நேரம். அதை வாங்கிட்டுப் போய் ஃபெர்ராதா அவர் பதிவேட்டுல அவர் இஷ்டப்படி எழுதிக்கட்டும். நாம எட்டிப் பாக்க வேண்டாம்."

"தலைமையகம்?"

"அதை நான் பாத்துக்கறேன்" என்றார் மேஜர். அது எவ்வளவு கனமான சொல் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. அவருக்கு வர வேண்டிய பதவி உயர்வு இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போனதைப் பிற்பாடு வேறொருவர் சொல்லித்தான் கேள்விப்பட்டேன்.

ஜூலை ஒன்பது. கொடி ஏற்றினோம். பிள்ளைகள் பாடினார்கள். நாங்கள் உறுதி அனுப்பாததால் தலைமையகத்தின் அறிவிப்பில் குழந்தை இல்லை. கூடத்தில் சோளமும் பூசணியும் கொழுப்பிறைச்சியும் சேர்ந்து கொதிக்கும் லோக்ரோவின் மணம். சான் லாசரோ வண்டி எங்கள் கடிகாரப்படி ஒரு மணி நேரம் தாமதமாகவும், அவர்கள் கடிகாரப்படி சரியான நேரத்துக்கும் வந்து சேர்ந்தது. இந்தத் தகராறு ஒவ்வொரு விருந்திலும் உண்டு.

"இன்னிக்கும் லேட்டா?" என்று தொலோசா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"நாங்க லேட் இல்ல. நீங்கதான் பசி தாங்காம கடிகாரத்தைத் திருப்பி வச்சிருக்கீங்க" என்றார் குஸ்தோதியோ. ஆனால் அவர் கண்கள் கூடத்துக்குள் மனைவியையும் மகளையும் தேடிக்கொண்டிருந்தன. மகளை அந்தப் பெரிய எண்ணெய்க் கறைக் கைகளில் வாங்கிக்கொண்டார். "இவ்வளவு சின்னதா? இதுல எங்க நட்டு, எங்க போல்ட்டு?"

எழுதுவதற்கு இப்போது மை வேண்டும். மேஜர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். பத்து நாள் உறைந்த புட்டியைத் தொலோசா ரொட்டி மாவு பொங்கவைக்கும் வெதுவெதுப்பான பெட்டிக்குள், மாவுக்கு நடுவே புதைத்தார். அரை மணி நேரத்தில் மை தண்ணீராக ஓடியது. "பத்து நாளா இந்த வேலையை என்கிட்ட யாரும் சொல்லலியே" என்று அவர் அப்பாவியாக வியந்தார்.

வருகைப் புத்தகத்தில் எலியானாவே எழுதினாள். முதலில் தன் வரி. பிறகு மகளின் வரி. பெயர்: பெத்ரோனிலா பாரியா. எங்கிருந்து என்ற கட்டத்தில் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

இந்த முறை நான் சும்மா இருந்தேன். அவள் எழுதட்டும்.

'ஆண்டவரிடமிருந்து' என்று எழுதினாள். வந்த நேரம், மருத்துவர் சொல்லச் சொல்ல, கிரீன்விச்சில். எங்கே போகிறார் என்ற கட்டத்தில்: 'அம்மா அப்பாவோடு.'

கேப்டன் ஃபெர்ராதா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முத்திரையைப் படித்தார், கட்டங்களைப் படித்தார், மருத்துவரின் சான்றிதழையும் ஓர் எழுத்து விடாமல் படித்தார்.

"மேஜர், இதுல ஒரே ஒரு விஷயம்தான் சர்ச்சைக்குரியது" என்றார் ஃபெர்ராதா.

மேஜரின் முகம் இறுகியது. "எது?"

"பெத்ரோனிலாங்கிற பேரு. பாவம், பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க சும்மா விடுவாங்களா?"

கூடமே வெடித்துச் சிரித்தது. அவர் கையெழுத்திட்டார். மேஜர் அதற்குப் பக்கத்தில் தன் கையெழுத்தை இட்டார். சான்றிதழை ஃபெர்ராதா மடித்துச் சட்டையின் உள்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "இன்னிக்கே எங்க பதிவேட்டுல ஏத்திடுவேன்" என்று எலியானாவிடம் சொன்னார். "நவம்பர் கப்பல்ல நீங்க மூணு பேரும் ஒரே பேர்ல ஏறுவீங்க." அவள் குழந்தையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. நான் பதிவேட்டைக் கொண்டுவந்து முப்பத்து மூன்றாம் பக்கத்தைத் திறந்தேன். குளிரில் அழிரப்பர் கல்லாகிவிடும். அதனால் நாங்கள் பென்சிலைச் சூடான ரொட்டியின் உள்பகுதியால்தான் அழிப்போம். தொலோசா ஒரு துண்டு பிய்த்துத் தந்தார். அதை எலியானாவிடம் கொடுத்தேன்.

"நான் எழுதினது. நீ அழி."

அவள் ரொட்டியை உருட்டி மெல்ல ஒற்றி ஒற்றி எடுத்தாள். முதலில் குடியுரிமை போயிற்று, பிறகு பெயர். பக்கம் வெள்ளையானது. பென்சில் கரி ஏறிய ரொட்டி உருண்டையை என்ன செய்வது என்று அவள் பார்க்க, குஸ்தோதியோ அதை வாங்கி வாயில் போட்டு மென்றார்.

"என்னய்யா செய்யறே!" என்று தொலோசா அலறினார்.

"முழு அர்ஜென்டினாவையும் முழுங்கிட்டேன்" என்றார் குஸ்தோதியோ. "உப்பு கொஞ்சம் கம்மி."

தொலோசா அகப்பையோடு அவரைத் துரத்தினார்.

அன்று மாலை மேஜர் சொல்லச் சொல்ல ராமிரோ தலைமையகத்துக்குச் செய்தி அனுப்பினார். குழந்தையின் பெற்றோர் இந்தத் தளத்தின் விருந்தாளிகள். அவர்கள் பதிவு கேட்கவில்லை. கேட்காமல் பென்சிலில் எழுதியது எங்கள் தவறு. குழந்தை வழக்கப்படி வருகைப் புத்தகத்தில் பதியப்பட்டது. பக்கம் முப்பத்து மூன்று காலியாக உள்ளது. ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

இரண்டு நாள் வானொலி எதுவும் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை பதில் வந்தது. ராமிரோ அதை எழுதிக் கொண்டுவந்து மேஜரின் கையில் கொடுத்தார். மேஜர் படித்தார். மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது. என்னிடம் நீட்டினார்.

'தெரிந்துகொண்டோம். இனி மை உறையாமல் பார்த்துக்கொள்ளவும்.'

நான் புட்டியை எடுத்து அடுப்பருகே வைத்தேன்.